பன்னிரண்டு வீட்டுக்கு ஒரு டிராயர்

எங்கள் தெருவில் பன்னிரண்டு வீடு, இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் ஆறு, எல்லாம் வீட்டு வசதி வாரியம் ஒரே அச்சில் கட்டிக் கொடுத்தது, அடுப்படி பன்னிரண்டும் தெருவைப் பார்த்த சன்னலோடு, இந்த வீட்டில் மிளகாய் வற்றல் கிள்ளிப் போட்டால் எதிர்வீட்டில் தும்முவார்கள், அப்படியே இருபத்தாறு வருஷம் ஓடிக்கொண்டிருந்த தெருவில், முதல் வீட்டுக் கோமு மதினிக்குப் பெங்களூரில் இருக்கிற மகன் மாடுலர் கிச்சன் போட்டுக் கொடுத்தான்.

அதற்குப் பிறகு தெருவில் யாரும் நிம்மதியாகத் தேங்காய் திருவவில்லை. சீனி கேட்கப் போனவர்களும் சும்மா போனவர்களும் கோமு மதினி வீட்டில் முகம் தெரிகிற வெள்ளைக் கதவுகளைப் பார்த்தார்கள், புகையை உறிஞ்சிக் கொள்கிற சிம்னியைப் பார்த்தார்கள், மஞ்சள் கறை பிடிக்காத குவார்ட்ஸ் கல்லைத் தடவிப் பார்த்தார்கள், எல்லாவற்றையும் விட அந்த டிராயர்களைப் பார்த்தார்கள், லேசாகத் தள்ளிவிட்டால் போதும், தூங்குகிற பிள்ளையை மடியிலிருந்து பாயில் கிடத்துகிற மாதிரி சத்தமில்லாமல் தானே மூடிக்கொள்ளும். வீட்டுக்கு வந்து தங்கள் கடப்பா கல்லையும் கரி பிடித்த பலகையையும் பார்த்தபோது, இத்தனை நாள் இதிலா சமைத்தோம் என்று இருந்தது. ஐந்தே மாதத்தில் பன்னிரண்டு வீட்டிலும் சுத்தியல் சத்தம் கேட்டு ஓய்ந்தது.

பன்னிரண்டையும் செய்தவர் மேலப்பாளையம் மதார் பாய். கோமு மதினி வீட்டை மட்டும்தான் அவர் அளந்தார். “மத்ததை எதுக்கு அளக்கணும், எல்லாம் ஒரு தாய் பிள்ளையதான” என்று காதில் பென்சிலைச் சொருகிக்கொண்டு போய், மொத்தப் பலகையையும் ஒரே நாளில் அறுத்து, வீடு வீடாகக் கொண்டு வந்து மாட்டினார். ஒரு வீட்டில்கூட ஒரு நூல் இழை கூடவோ குறையவோ இல்லை.

மூன்றாவது வீட்டில் மட்டும் ஒரு மாற்றம் கேட்டார்கள். அது ஆசீர்வாதம் அண்ணாச்சியின் வீடு. அண்ணாச்சி அரசாங்க அரிசிக் கிட்டங்கியில் முப்பத்தொரு வருஷம் பொறுப்பாளராக இருந்தவர், சாயங்காலம் வேலை முடிந்து கிளம்பும்போது கிட்டங்கி வாசலில் நின்று தோளில் கிடந்த துண்டை நன்றாக உதறிவிட்டுத்தான் சைக்கிளில் ஏறுவார், சர்க்கார் அரிசி ஒன்று ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடக் கூடாதே என்று. அப்படிப்பட்ட மனுஷன். “சன்னலை அடைச்சிட்டு அந்த இடத்துல உசரமான அலமாரி ஒண்ணு வேணும், பாய். இப்ப எல்லாரும் அதுதான வைக்காவ” என்றார்.

“வைக்காவதான். ஆனா வெளிச்சம் போயிருமே அண்ணாச்சி, அக்காவுக்குக் காத்து வேண்டாமா?”

“அதுக்குத்தான் சிம்னி இருக்குல்லா.”

அண்ணாச்சியின் மனைவி எப்சிபா மதினி பக்கத்தில் அந்தச் சன்னலையே பார்த்தபடி நின்றாள். அவள் எதைப் பார்த்தாள் என்று தெருவுக்கே தெரியும். அந்தச் சன்னலுக்கு நேர் எதிரே ஒன்பதாவது வீடு, அந்த வீட்டு முன்னால் ஒரு துணிக்கொடி, அதில் காய்கிற நைட்டியும் துப்பட்டாவும் அவள் மகள் கெசியாவுடையது. ஒரே மகள். மின்வாரியத்தில் வேலை பார்க்கும் எதிர்வீட்டு இசக்கிராஜாவை நான்கு வருஷம் முன்னால் ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டு, இருபது அடி தூரத்துக்குக் குடிபோனவள். அன்றைக்கு அண்ணாச்சி வேதப்புத்தகத்தின் மேல் கையை வைத்துச் சொன்னார், “இனி அவகிட்ட ஒரு பேச்சு பேசக் கூடாது. நீ அவ முகத்தைப் பாத்தின்னா என் முகத்தைப் பாக்காத.” வேதத்தின் மேல் சொன்ன சொல் என்பதால் எப்சிபா மதினி அதை மீறவில்லை. தெருவில் எதிரே வந்தால் தலையைக் குனிந்துகொள்வாள், கோயிலுக்குப் போகும்போது நடைவழியைப் பார்த்தே நடப்பாள், ஆனால் துணிக்கொடியைப் பார்க்கக் கூடாதென்று யாரும் சொல்லவில்லை என்பதால், நான்கு வருஷமாக அரிசி களைகிறபோதும் கீரை ஆய்கிறபோதும் அதை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்தாள். இப்போது அதுவும் போயிற்று. வெள்ளைப் பலகையில் தன் முகமே தெரிய, அதன் முன்னால் நின்று சமைத்தாள்.

இப்படி எல்லா வீட்டிலும் வேலை முடிந்த மறுநாள் காலையில், கோமு மதினி கரண்டி எடுக்கலாமென்று அடியில் இருக்கிற பெரிய டிராயரை இழுத்தால், அவளுடைய புளிச் சட்டிக்குப் பக்கத்தில் ஆறு முட்டை இருந்தது. அவர்கள் சுத்த சைவம். அதே நேரத்தில் ஆறாவது வீட்டு ரகமத் தன் முட்டையைத் தேடி அதே டிராயரை இழுத்தால், முட்டையோடு புளிச் சட்டியும், பன்னிரண்டாம் வீட்டு டீச்சரின் கண்ணாடிக் கூடும், யாருடையதோ ஒரு ஜோடிக் கைப்பிடித் துணியும் இருந்தன. பத்து மணிக்குள் விஷயம் தெளிவாகிவிட்டது. பன்னிரண்டு வீட்டிலும் அடி டிராயர் ஒன்றேதான். எவர் வீட்டில் இழுத்தாலும் அதே டிராயர்தான் வரும், எவர் எதை வைத்தாலும் எல்லோருக்கும் அது இருக்கும்.

மதார் பாயை வரச் சொன்னோம். அவர் ஒவ்வொரு வீடாகக் குனிந்து பார்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். “அதானே பார்த்தேன், பலகை மிச்சம் இருக்கேன்னு. அடி டிராயர் ஒண்ணுதான் செஞ்சிருக்கேன். மத்த பதினொண்ணையும் மறந்தே போச்சு.”

“மாட்டினீரே, பாய்?”

“மாட்டினேன். பன்னிரண்டு வீட்டுலயும் மாட்டினேன்” என்றார். அவரும் பொய் சொல்கிறவர் இல்லை. மிச்சம் பதினொன்றையும் மறுவாரம் செய்துகொண்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார், மறுவாரம் அவரை யாரும் கூப்பிடவில்லை.

ஏனென்றால் அதற்குள் பழகிவிட்டது. நடுவில் ஒரு தகரத் தடுப்பு வைத்து, இடது பக்கம் சைவம், வலது பக்கம் எல்லாம் என்று கோமு மதினிக்காக ஏற்பாடு செய்தோம். திறக்கிறதுக்கு முன்னால் டிராயரில் இரண்டு தட்டு தட்ட வேண்டும், உள்ளே இன்னொரு கை இருந்தால் அந்தக் கை திருப்பி ஒரு தட்டு தட்டும், பொறுத்திருக்க வேண்டும். மறந்துபோய் உப்பு வாங்காதவர்கள் கடைக்கு ஓடுவது நின்றது. ரகமத் வீட்டு நோன்புக் கஞ்சி சூடு ஆறாமல் பன்னிரண்டு வீட்டுக்கும் வந்தது. யார் வீட்டிலாவது சண்டை நடந்து அடுப்பு பற்றவைக்காத நாளில், யாரும் கேட்காமலே அதில் இட்லி இருந்தது. வீட்டுக்கு வீடு பாத்திரத்தில் பேர் வெட்டி வைத்திருப்பது இப்போது மிகவும் உதவியாக இருந்தது. வந்த பாத்திரத்தை வெறும் பாத்திரமாகத் திருப்புகிற வழக்கம் எங்கள் பக்கம் எந்தச் சாதியிலும் எந்த மதத்திலும் கிடையாது, ஒன்றுமில்லாவிட்டால் ஒரு கரண்டி சீனியோ இரண்டு இணுக்குக் கறிவேப்பிலையோ போட்டுத்தான் கொடுப்போம், அதனால் ஒரு தடவை கிளம்பின பாத்திரம் நிற்கவே இல்லை, போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது.

அடுப்படிப் பக்கம் வராத அண்ணாச்சிக்குத் தோன்றாவிட்டாலும், ஒன்பதாவது வீட்டுக்கும் அந்த டிராயர்தான் என்பது எப்சிபா மதினிக்கு முதல் நாளே தெரியும். ஆனாலும் இரண்டு மாதம் அவள் அதைத் திறக்கும்போது கண்ணை மூடிக்கொண்டாள். ஐப்பசி மாதம் ஒரு மத்தியானம், அண்ணாச்சி தூங்கிக்கொண்டிருக்க, மழைச் சத்தத்தில் உள்ளேயிருந்து தட்டினது காதில் விழாமல் அவள் கையை விட்டபோது, உள்ளே இன்னொரு கை இருந்தது.

பன்னிரண்டு வீட்டில் எத்தனை கை. ஆனால் அந்தக் கையின் சுண்டுவிரல் கொஞ்சம் வளைந்திருந்தது, மூன்று வயதில் கதவிடுக்கில் மாட்டி வளைந்த விரல். எப்சிபா மதினி தரையில் உட்கார்ந்துவிட்டாள். பேசக் கூடாது, பேசவில்லை. முகத்தைப் பார்க்கக் கூடாது, பார்க்கவில்லை. “ஆண்டவரே, கையைப் பத்தி அவங்க ஒண்ணும் சொல்லலையே” என்று மனதுக்குள் கேட்டாள், கேட்டுவிட்டுப் பதில் வருகிறவரைக்கும் அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

அதிலிருந்து தினமும் மூன்று மணி. யாரும் கூடிப் பேசி முடிவு செய்யவில்லை, யாரும் யாருக்கும் சொல்லவும் இல்லை, ஆனால் மூன்றிலிருந்து மூன்றரை வரைக்கும் எங்கள் தெருவில் ஒருத்தரும் அடி டிராயரைத் திறப்பதில்லை. டீக்குச் சீனி தீர்ந்திருந்தால் சீனி இல்லாமல் குடித்தோம். ரகமத்தின் மருமகள் ஒரு நாள் தெரியாமல் கையை வைக்கப் போக, ரகமத் அவள் மணிக்கட்டைப் பிடித்து, “ஏட்டி, அது அவுக நேரம்” என்றாளாம். அவ்வளவுதான்.

கார்த்திகையில் ஒரு நாள், மகளின் மணிக்கட்டைப் பிடித்திருந்த எப்சிபா மதினியின் கட்டைவிரலுக்கு நாடி இரண்டாகத் துடிப்பது தெரிந்தது, ஒன்று நிதானமாக, ஒன்று ஓட்டமாக. அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு மேல் அவள் கணவரிடம் கேட்டாள். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அவள் அவரிடம் எதையும் கேட்டதாக எங்களுக்குத் தெரியாது.

“ஏங்க, தலைப்பிரசவம். தாய்வீட்டுக்குக் கூட்டிட்டு வரணும்லா.”

“யாருக்கு?”

அவள் மிச்சச் சோற்றை மூடி வைத்தாள். அவரும் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்தார். பிறகும் இரண்டு தடவை கேட்டாள், இரண்டு தடவையும் அவர் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்தார். வேறு எதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை, அந்தப் பிள்ளை தன் வீட்டில் வந்து பிள்ளை பெற வேண்டும், அவளுக்கு வெந்நீர் போட்டு ஊற்ற வேண்டும், அது ஒன்றுதான். அதையே ஜெபத்தில் கேட்டாள், நாங்களும் எங்கள் எங்கள் சாமியிடம் கேட்டோம்.

ஏழாம் மாதம் இசக்கிராஜாவின் அம்மா சண்முகவடிவு மருமகளுக்கு வளைகாப்பு வைத்தாள். தெருவிலிருந்து பத்து வீட்டுப் பெண்களும் போய் வளையல் போட்டுச் சந்தனம் தடவி வந்தோம். மூன்றாவது வீட்டுக் கதவு மட்டும் சாத்தியிருந்தது. மறுநாள் மூன்று மணிக்கு, டிராயருக்குள் மகள் தன் கையிலிருந்த கண்ணாடி வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி அம்மாவின் கைக்கு ஏற்றியது, சிவப்பு இரண்டு, பச்சை மூன்று. ஏற்றும்போது ஏறிவிட்டது, திரும்ப இறங்கவில்லை, அவள் கை சதைப்பிடிப்பான கை. உடைத்தால்தான் வரும். அவள் உடைக்கவில்லை. மெல்லிய தங்க வளையல் ஒன்றைத் தவிர வேறெதுவும் போடாத அந்தக் கையை ராத்திரி வரைக்கும் முந்தானைக்குள் மறைத்து வைத்திருந்தாள், சோறு பரிமாறும்போது சத்தம் கேட்டுவிட்டது.

ஆசீர்வாதம் அண்ணாச்சி வளையலைப் பார்த்தார். வெள்ளைக் கதவுகளைப் பார்த்தார். “எங்க இருந்து வந்திச்சு?” என்றார்.

அவள் பொய் சொல்லத் தெரியாதவள். அடி டிராயரைக் காட்டினாள்.

மறுநாள் காலையில் மதார் பாயைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார். “இதைக் கழத்திரும், பாய்.”

“அண்ணாச்சி, இது ஒண்ணுதான் இருக்கு. இங்க கழத்தினா பன்னிரண்டு வீட்டுலயும் கழண்டிரும்.”

“எல்லாருக்கும் தனித்தனியா செஞ்சு குடும். என் செலவுல.”

மதார் பாய் எப்சிபா மதினியைப் பார்த்தார், அவள் தரையைப் பார்த்தாள், அவர் பிஸ்மில்லா சொல்லி இரண்டு பக்கத்துக் கொக்கியையும் அமுக்கி டிராயரைத் தூக்கினார். அந்த நொடியில் மற்றப் பதினோரு வீட்டிலும் அந்த இடத்தில் ஒரு சதுரப் பொந்து மட்டும் இருந்தது. ரகமத் பருப்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாளாம். பத்து நாள் கழித்து மதார் பாய் எல்லா வீட்டுக்கும் புது டிராயர் மாட்டினார், அவை இன்றுவரை ஒழுங்காக இருக்கின்றன, அவரவர் வைத்தது அவரவருக்கு.

ஆனால் அன்றைக்கு டிராயர் மொத்தமாக ஆசீர்வாதம் அண்ணாச்சி வீட்டு முன்னறையில், சாமானோடு உட்கார்ந்திருந்தது. அவர் இதை யோசிக்கவில்லை. கோமு மதினிதான் முதலில் வந்தாள். சண்டைக்கு வரவில்லை, வாசலிலேயே நின்று சாதாரணமாகக் கேட்டாள்.

“அண்ணாச்சி, எம் புளி அதுல இருந்திச்சு.”

அவர் துழாவி எடுத்துக் கொடுத்தார். அதற்குள் ரகமத் வந்து நின்றாள், டீச்சர் வந்து நின்றாள், வரிசையாகிவிட்டது. கிட்டங்கியில் இருந்த மனுஷன்தானே, பாத்திரத்தின் அடியில் வெட்டியிருக்கிற பேரை ஒவ்வொன்றாகக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் படித்து, உரியவரிடம் ஒப்படைத்தார். யார் பேரும் மாறவில்லை. எல்லாம் போன பிறகு ஒரு தூக்குவாளி மட்டும் மிஞ்சியது. மூடியைத் திறந்தார், வளைகாப்புக்குச் செய்த எலுமிச்சஞ் சாதமும் தேங்காய்ச் சாதமும் பாதிப் பாதியாக இருந்தன. அடியில் பேரைப் படித்தார். சண்முகவடிவு.

ஒன்பதாவது வீட்டிலிருந்து யாரும் கேட்டு வரவில்லை.

ஒரு நாள் முழுக்க அந்தத் தூக்குவாளி டிராயருக்குள் இருந்தது. அண்ணாச்சி அந்தப் பக்கம் போவதும் வருவதுமாக இருந்தார். அடுத்தவர் சாமான் ஒன்று தன் வீட்டில் ராத்தங்கியது அவர் ஆயுசில் அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறோம். காலையில் எப்சிபா மதினி ஜெபம் முடித்து எழுந்தபோது, அவர் நாற்காலியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார், தூங்கின முகம் இல்லை.

“அதைக் கொண்டு போய்க் குடுத்துட்டு வா.”

“நானா?”

“பின்ன நானா போவேன்?”

அவள் தூக்குவாளியைக் கையில் எடுத்தாள். “முகத்தைப் பாக்க வேண்டியது வருமே.”

“பாத்திரத்தைத் தரையில வச்சிட்டா வருவாங்க?” என்றார் எரிச்சலாக, பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார்.

சாதம் கெட்டுப் போயிருந்தது, கழுவிக் கவிழ்த்தாள். வெறுமனே கொடுக்க முடியாது. உளுந்து வறுத்து, திரித்து, கருப்பட்டிப் பாகு காய்ச்சி, நல்லெண்ணெய் விட்டு விட்டு உளுந்தங்களி கிளறினாள், பிள்ளைத்தாய்ச்சிக்கு இடுப்பெலும்புக்கு அதைவிட எது நல்லது. இரண்டு மணி நேரம் ஆனது. அண்ணாச்சி அத்தனை நேரமும் அதே பக்கத்தை வாசித்தார். பதினோரு மணிக்கு அவள் தூக்குவாளியோடு படியிறங்கித் தெருவைக் கடந்தாள். எல்லா வீட்டு வாசலிலும் ஆள் இருந்தோம், ஒருத்தர் கோலப்பொடி டப்பாவைத் தேடினோம், ஒருத்தர் செருப்பைத் துடைத்தோம், யாரும் பார்க்கவில்லை. ஒன்பதாவது வீட்டுக் கதவு அவள் தட்டுவதற்கு முன்னால் திறந்தது. கதவு சாத்தின பிறகு உள்ளே என்ன பேசினார்கள் என்று எங்களுக்குத் தெரியாது.

பன்னிரண்டு ஆனது, ஒன்று ஆனது. அவள் திரும்பவில்லை.

ஒன்றரை மணிக்கு ஆசீர்வாதம் அண்ணாச்சி தெருவைக் கடந்து ஒன்பதாவது வீட்டு கேட்டுக்கு வெளியே வந்து நின்றார், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, கேட்டைத் தொடாமல். இசக்கிராஜாதான் வெளியே வந்தான். லீவு போட்டிருந்தான்.

“மாமா, வாங்க.”

“நான் உள்ள வரல. அவளைக் கூப்பிடு.”

எப்சிபா மதினி வந்தாள், கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அண்ணாச்சி வேறெங்கோ பார்த்துக்கொண்டு, “தட்டு எங்க இருக்குன்னு சொல்லிட்டுப் போகலையே” என்றார். “எந்தக் கதவுலயும் பிடி இல்ல. அமுக்கினா திறக்கும்னான் அந்தப் பாய். எங்க அமுக்க? பதினாறு கதவு இருக்கு. ஒண்ணுல சிலிண்டர் இருக்கு. ஒண்ணுல குப்பைக்கூடை வந்து முட்டில இடிக்கு.”

சண்முகவடிவு உள்ளேயிருந்து சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். இசக்கிராஜா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டி வந்து, தெருவிலேயே, வேப்பமர நிழல் விழுகிற இடமாகப் பார்த்துப் போட்டான். தெரு முனிசிபாலிட்டியுடையது, யார் வேண்டுமானாலும் உட்காரலாம். அண்ணாச்சி வெயிலைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், உட்கார்ந்தார். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் ரகமத் ஒரு ஸ்டூலைக் கொண்டு வந்து தன் வாசலில் போட்டுத் தன் தட்டோடு உட்கார்ந்தாள், கோமு மதினி படியில் உட்கார்ந்தாள், அன்றைக்கு எல்லோருக்கும் வீட்டுக்குள் புழுக்கமாக இருந்தது.

தட்டைக் கொண்டு வந்தது கெசியா. ஏழு மாத வயிற்றைத் தள்ளிக்கொண்டு மெதுவாக நடந்து வந்து, அப்பாவின் கையில் கொடுத்தாள். அவர் தட்டைத்தான் பார்த்தார். பிசைந்து இரண்டு வாய் சாப்பிட்டார்.

“உப்பு கம்மி.”

நான்கு வருஷத்தில் மகளிடம் அவர் பேசின முதல் பேச்சு அது.

“உங்களுக்குப் பிரஷர் இருக்குல்லாப்பா.”

அவர் மறுபடியும் சாப்பிட்டார். நாங்கள் எல்லோரும் எங்கள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கெசியா போகாமல் ஒரு கையை இடுப்பில் ஊன்றி நின்றாள், அவளுக்குப் பின்னால் எப்சிபா மதினி ரசப் பாத்திரத்தோடு நின்றாள்.

“எந்தத் தேதி சொல்லிருக்காவ, ஆஸ்பத்திரியில?”

“பங்குனி ஆறாம் தேதிப்பா.”

அண்ணாச்சி கூட்டை விரலால் ஒதுக்கினார், மனதுக்குள் எதையோ கணக்குப் பார்க்கிற மாதிரி உதடு அசைந்தது.

“முன் ரூம் கட்டில் ஆடும்” என்றார், யாரையும் பார்க்காமல். “ஒரு கால் செல் அரிச்சிருக்கு. மாத்தணும்.” சொல்லிவிட்டு, ரசத்துக்காகத் தட்டை நீட்டினார்.